தாளியும் அரப்பும்

மூணாற்றில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கிருந்து உடுமலைச் சாலையில் இரண்டு மணி நேரம் இறங்கினால் சின்னாறு. அங்கே 500 மில்லிமீட்டர் பெய்வதே பெரும்பாடு. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் நீரையெல்லாம் ஆனைமுடியும் அதைச் சுற்றி நிற்கும் மலைகளும் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்கின்றன. கிழக்கே மறையூர், சின்னாறு பக்கம் மிஞ்சுவது வறண்ட காற்றும் முட்காடும்தான். வடக்கே பாலக்காட்டுக் கணவாயிலும் ஏறக்குறைய இதே கதை. மேற்கே நெல்வயலும் குளமும். கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை தாண்டி வாளையாறு வரை கிணற்று நீரை நம்பிய கரிசலும் பனைமரமும்.

இந்த மழைக்கோடு பயிரை மட்டும் பிரிக்கவில்லை. தலைக்குக் குளிக்கும் முறையையும் பிரித்திருக்கிறது. ஈரமான பக்கத்தில் தேங்காய் எண்ணெயும் தாளியும். காய்ந்த பக்கத்தில் நல்லெண்ணெயும் அரப்பும் சீயக்காயும். இரண்டும் சந்திக்கும் எல்லைக் கிராமங்களில் ஒரே வீட்டுத் திண்ணையில் இரண்டையும் பார்க்கலாம். மாமியார் கொல்லங்கோட்டுக்காரராகவும் மருமகள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண்ணாகவும் இருந்தால் எது உசத்தி என்று வாக்குவாதமும் கேட்கலாம். இரண்டு பேர் கட்சியிலும் நியாயம் உண்டு. ஏனென்றால் அவை ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்கள் அல்ல. வேதியியல் கணக்கில் அவை இரண்டு தனித்தனி யோசனைகள்.

தாளி என்பது இலைக்கூழ். செம்பருத்தி இலையையும் பூவையும் கல்லில் வைத்துக் கசக்கி, தண்ணீரோ கஞ்சித்தண்ணியோ விட்டுப் பிசைந்து வடித்தால் வழவழவென்று பச்சை நிறத்தில் ஒரு குழம்பு வரும். கேரளத்தில் குளத்துக்குக் குளிக்கப் போகும் பெண்கள் போகிற வழியில் வேலியில் இலை பறித்து, படிக்கல்லிலேயே தேய்த்துத் தலையில் அப்பிக்கொள்வார்கள். செம்பருத்தி கிடைக்காவிட்டால் குறுந்தோட்டி இலை, வெள்ளிலை, முடக்கத்தான். முடக்கத்தானை மலையாளத்தில் உழிஞ்ஞை என்பார்கள். திருவாதிரை நாளில் பெண்கள் தலையில் சூடும் தசபுஷ்பம் என்ற பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று, கரிசலாங்கண்ணியும் ஒன்று. பாடத்தாளி என்ற கொடியின் இலைச்சாறு இன்னும் விசேஷமானது. பிழிந்து வைத்த சற்று நேரத்தில் ஜெல்லி போல உறைந்துவிடும். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் கட்டுக்கொடி இலையைக் கசக்கித் தண்ணீரை உறைய வைத்து விளையாடுவார்களே, அதன் உறவுக்கொடிதான் இது. உறைய வைப்பது பெக்டின். பழப்பாகைக் கெட்டிப்படுத்தும் அதே சரக்கு.

இந்த வழவழப்பின் ரகசியம், சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள். அவை நீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும். தலைமயிரில் பட்டதும் ஒவ்வொரு இழையின்மேலும் மெல்லிய ஈரப்படலமாகப் படியும். இழையும் இழையும் உரசாமல் வழுக்கிப் போவதால் சிக்கு விழாது. இன்றைக்குப் புட்டியில் விற்கும் கண்டிஷனர் செய்வதும் ஏறக்குறைய இதுதான், வேறு மூலக்கூறுகளைக்கொண்டு. ஊறவைத்து அரைத்த வெந்தயமும் இதே குடும்பம். வெந்தயத்தில் இருக்கும் காலக்டோமன்னன் என்ற பசை குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதிக்கும், தலையில் மயிரை வழவழப்பாக்கும். தாளியும் கொஞ்சம் அழுக்கை எடுக்கும்தான். ஆனால் தினமும் குளத்தில் முங்கிக் குளிக்கிற ஊரில் அழுக்கு பெரிய பிரச்சினையில்லை. தினமும் நனைகிற நீண்ட கூந்தல் சிக்காகாமல் இருப்பதுதான் பிரச்சினை. தாளி அந்த ஊரின் தேவைக்கு வந்த விடை.

அரப்பு வேறு கட்சி. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள். உசிலை வறண்ட காட்டு மரம், கொங்கு நாடு முழுக்கக் கிடைக்கும். சீயக்காய் முட்கொடி, சின்னாறு காட்டிலேயே வளர்கிறது. பூந்திக்கொட்டை மூன்றாவது. மூன்றிலும் வேலை செய்வது சபோனின் என்ற ஒரே வகைப் பொருள். அதன் மூலக்கூறின் ஒரு பாதி எண்ணெயோடு சேரும், மறுபாதி சர்க்கரை. சர்க்கரைப் பாதி நீரைத்தான் நாடும். எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டால் முதல் பாதி அதில் குத்திக்கொள்ள, மறுபாதி நீரோடு கைகோக்க, பிசுக்கு சிறு சிறு துளிகளாகப் பிய்ந்து நீரோடு போய்விடும். சோப்பும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. ஆனால் சோப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது வெள்ளைத் திப்பியாகப் படிந்துவிடும். கிழக்குப் பாலக்காட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்புத் தேய்த்துத் தலை குளித்தவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு நன்றாகத் தெரியும். சபோனின் கால்சியத்தைக் கண்டு அப்படிச் சுருண்டுகொள்வதில்லை. தண்ணீர் கனமான ஊரில் அரப்பும் சீயக்காயும் நிலைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை.

சோப்புக் கரைசல் காரத்தன்மை உடையது. சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்பு. மயிரின் மேற்புறம் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. காரம் பட்டால் அந்தச் செதில்கள் தூக்கிக்கொள்ளும். புளிப்பு பட்டால் படிந்து கிடக்கும். படிந்த செதில் வெளிச்சத்தை நேராகத் திருப்பி அனுப்புவதால் மயிர் மின்னும். பாட்டிமார் சீயக்காயோடு எலுமிச்சைத் தோலையும் பூலாங்கிழங்கையும் சேர்த்து அரைத்தது வாசனைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எலுமிச்சை தன் பங்குக்குப் புளிப்பையும் கூட்டியிருக்கும்.

நுரை அதிகம் வராததால் சீயக்காயை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் அதிகம் இல்லை. நுரை கண்ணுக்குக் காட்டும் வேடிக்கை. ஆனால் சபோனினைச் சாது என்றும் எண்ணிவிடக் கூடாது. உயிரணுக்களின் மேலுறை கொழுப்பால் ஆனது. சபோனின் அதையும் துளைக்கும். சீயக்காய் கண்ணில் பட்டால் உயிர் போகிற மாதிரி எரிவது அதனால்தான். உலகின் பல காடுகளில் சபோனின் நிறைந்த காயையும் பட்டையையும் இடித்து ஓடையில் கரைத்து மீனை மயங்கவைத்துப் பிடிப்பார்கள். சபோனின் செவுள் வழியே மீனைத் தாக்கும், மனிதக் குடலில் அவ்வளவு எளிதில் உறிஞ்சப்படாது. அதனால் அந்த மீனைச் சாப்பிடவும் முடிகிறது.

இந்த இரண்டு கட்சிகளில் ஒன்று சந்தைக்குப் போனது, மற்றது வேலியிலேயே நின்றுவிட்டது. காரணம் மீண்டும் மழைதான். தாளியைப் பறித்த அன்றே பயன்படுத்தியாக வேண்டும், மறுநாள் புளித்துப்போகும். சீயக்காயும் அரப்பும் காய்ந்த நிலத்தின் சரக்கு, வெயிலில் உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. மூட்டை கட்டலாம், எடை போடலாம், வண்டியேற்றலாம். அட்டப்பாடியின் இருளரும் முதுகரும், மறையூர் மலைகளின் முதுவரும் புலையரும் காட்டிலிருந்து எடுத்து வந்து விற்ற சிறுவனப் பொருள்களின் பட்டியலில் தேன், குங்கிலியம், நெல்லிக்காயோடு சீயக்காய்க்கும் எப்போதும் இடம் உண்டு. உடம்பு தேய்க்கும் இஞ்சைப் பட்டையும் அப்படித்தான் கீழே இறங்கி வந்தது. நாரெடுத்த அந்தப் பட்டையும் ஒரு சீயக்காய் உறவுக்கொடியினுடையதே.

1983-இல் கடலூரிலிருந்து சிக் ஷாம்பு பாக்கெட்டில் வந்தது. சில்லறைக் காசுக்கு ஒரு குளியல். சீயக்காய் இடிக்கும் உலக்கைச் சத்தம் எஸ்டேட் தொழிலாளர் லயங்களிலும் குறைந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஷாம்புவில் நுரை தள்ளும் சோடியம் லாரில் சல்பேட் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் அல்லது பனைக்கொட்டை எண்ணெயிலிருந்து எடுக்கப்படுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதைக் கொஞ்சம் மாற்றினால் எண்ணெயை வழித்தெடுக்கும் ஷாம்பு. மாற்றாமல் விட்டால் மயிரைக் காக்கும் எண்ணெய்.

காக்கும் என்று சும்மா சொல்லவில்லை. இதுதான் வீட்டு வைத்தியங்களிலேயே மிக உறுதியாகச் சோதிக்கப்பட்ட பகுதி. 2003-இல் மும்பையைச் சேர்ந்த ஆர்த்தி ரேலே, மோஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் மயிரில் தடவி, கழுவி, எவ்வளவு புரதம் மயிரிலிருந்து கழன்று போகிறது என்று அளந்தார்கள். குளிப்பதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டிய ஆய்வு இது. ஆனாலும் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகத்தோடு சேர்ந்து, எண்ணெய் இழைக்குள் போகிறதா என்பதை அயனிக்கற்றை கொண்டு நேரடியாகவே பார்த்திருந்தார்கள். தேங்காய் எண்ணெய் உள்ளே போயிருந்தது. கனிம எண்ணெய் வெளியிலேயே நின்றது.

லாரிக் அமிலம் 12 கரிம அணுக்கள் கொண்ட நேரான குட்டைச் சங்கிலி. செதில்களின் இடுக்கில் நுழைந்துவிடும். சூரியகாந்தி எண்ணெயின் அமிலங்கள் 18 கரிமம், அதிலும் நடுவில் வளைந்தவை. நுழைய மாட்டா. நல்லெண்ணெயின் அமிலங்களும் பெரும்பாலும் இந்த வளைந்த இனம்தான். ஆகவே மாமியார் மருமகள் வழக்கில் இந்த ஒரு புள்ளியை மாமியாருக்குக் கொடுத்தாக வேண்டும்.

உள்ளே போய் எண்ணெய் என்ன செய்கிறது? நீரை விலக்குகிறது. மயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரைக் குடிக்கும், பருமனில் 15 சதவீதம்வரை ஊதும். ஊதும்போது செதில்கள் நெம்பிக்கொள்ளும், காயும்போது சுருங்கும். நாள்தோறும் இப்படி ஊதிச் சுருங்கியே மயிர் நொய்ந்துபோகிறது. குளத்துக்குப் போவதற்கு முன் தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ளும் மலையாள வழக்கமும், சனி வெள்ளி எண்ணெய்க் குளியல் வைத்த தமிழ் வழக்கமும் குளியலுக்கு *முன்* எண்ணெய் என்பதில் ஒத்துப்போகின்றன. நனைவதற்கு முன்பே இழையின் வெற்றிடங்களை எண்ணெய் பிடித்துக்கொள்வதால் நீர் குறைவாக ஏறுகிறது. ஈர மயிரை இழுத்துச் சீவினால் அது அறுந்துவருவதும் நீர் ஏறி வலுவிழந்திருப்பதால்தான்.

அடுப்படிக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த அறிவியல் அங்கேதான் நடக்கிறது. பாலக்காட்டு வீடுகளில் காய்ச்சிய எண்ணெய்க்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கைமுறை. கரிசலாங்கண்ணிச் சாறு, நெல்லிக்காய், கறிவேப்பிலை, செம்பருத்தி, சின்ன உள்ளி, மிளகு, சீரகம். ஆயுர்வேத நூலான சகஸ்ரயோகத்தில் உள்ள நீலிபிருங்காதி இதன் பெரிய அண்ணன். அவுரி, கரிசலாங்கண்ணி, முடக்கத்தான், நெல்லிக்காய்ச் சாறுகளோடு ஆட்டுப்பால், எருமைப்பால், பசும்பால், தேங்காய்ப்பால் எல்லாம் அதில் சேரும். எண்ணெயோடு இவ்வளவு நீரைக் கலந்து ஏன் மணிக்கணக்கில் கொதிக்கவிட வேண்டும்?

நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு 100 பாகைக்கு மேல் பெரிதாக ஏறாது. அடுப்பின் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். இலையின் பொருள்கள் கருகாமல் மெல்ல எண்ணெய்க்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. நீர் தீர்ந்த அடுத்த நிமிடமே சூடு விர்ரென்று ஏறும், கூழ் கரியாகும். அந்தத் திருப்பத்தைத் தெர்மாமீட்டர் இல்லாமல் பிடிப்பதற்குத்தான் பதம் பார்ப்பது. அடியில் படிந்த கல்கத்தை, அதாவது அரைத்த விழுதை, எடுத்து விரலில் உருட்டும்போது மெழுகுபோலத் திரண்டால் மெழுகுபதம், மணல்போல உதிர்ந்தால் மணற்பதம். கொஞ்சம் எடுத்துத் தீயில் காட்டுவதும் உண்டு. படபடவென்று வெடித்தால் இன்னும் நீர் இருக்கிறது, சத்தமில்லாமல் எரிந்தால் நீர் போய்விட்டது. நீர் தங்கிய எண்ணெய் பூஞ்சை பிடித்துக் கெடும், கரிந்த எண்ணெய் தீய்ந்த வாடை அடிக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சில நிமிடங்களை ஓசையைக் கேட்டே பிடித்த கைகளை நான் மதிக்கிறேன்.

ஆனால் எண்ணெய்க்குள் எது இறங்கியது என்று கேட்டால் விடை கொஞ்சம் ஏமாற்றம் தரும். எண்ணெயில் கரையக்கூடியவை மட்டும்தான் இறங்கும். இலையின் பச்சையம் கரையும், எண்ணெய் பச்சையாவது அதனால். வேம்பாளம்பட்டையின் சிவப்பு நிறமியும் கரையும், போட்ட சற்று நேரத்தில் எண்ணெய் ரத்தச் சிவப்பாகும். நெல்லிக்காயின் வைட்டமின் சி கரையாது. அது நீரில் கரைவது, நீர் ஆவியானபின் கல்கத்தோடு தங்கி, சூட்டில் பெருமளவு சிதைந்தும் போகும். நெல்லிக்காயின் துவர்ப்பும் அப்படியே. எண்ணெயின் நிறம் அடர்ந்திருப்பது சத்து நிறைந்திருப்பதற்கு அத்தாட்சி இல்லை. குமுளிக் கடைகளில் கண்ணாடிப் புட்டிக்குள் வேரும் பட்டையும் மிதக்க விற்பதைப் பார்த்து மயங்குபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அந்த வேர்கள் கண்ணுக்கு விருந்து. நெல்லிக்காயைத் தின்பதே உத்தமம்.

இதுவரை பேசியது எல்லாம் தலைக்கு மேலே நீண்டு கிடக்கும் மயிரைப் பற்றி. அது உயிரற்றது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நார். கழுவலாம், வழவழப்பாக்கலாம், அறுந்துபோகாமல் காக்கலாம். ஊட்ட முடியாது, ஏனென்றால் உண்ண அங்கே யாரும் இல்லை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில், மயிர்க்காலில். ஒரு தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள். அவற்றின் எண்ணிக்கை நாம் பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்க்கும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில். பிறகு சில வாரம் சுருங்கி, மூன்று மாதம் ஓய்ந்து கிடந்து, பழைய மயிரை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். நாளுக்கு 50 முதல் 100 வரை சீப்பில் வருவது இந்தச் சுழற்சியின் வரவுசெலவு. பயப்பட ஒன்றும் இல்லை.

மயிர்க்காலை எந்த இலையாவது தூண்டுமா? தேடாமல் இல்லை. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதிராஜனும் சக ஆய்வாளர்களும் செம்பருத்தியைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். எலிகளின் மேல் தடவியும், மயிர்க்கால்களைத் தனியே எடுத்து வளர்த்தும் பார்த்தார்கள். பூவின் சாரத்தைவிட இலையின் சாரம் நன்றாக வேலை செய்தது. நாம் பூவை எண்ணெயில் போட்டுக்கொண்டிருக்க, குளத்துப்படியில் இலையைக் கசக்கிய பெண்கள் சரியான உறுப்பைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தார் எடுத்தது பெட்ரோலியம் ஈதரில் வடித்த சாரம். படிக்கல்லில் வருவது நீரில் வடித்த கூழ். இரண்டும் ஒன்றல்ல. கரிசலாங்கண்ணிக்கும் 2008, 2009 ஆண்டுகளில் எலி ஆய்வுகள் வந்தன, அவையும் நம்பிக்கை தருபவையே.

எலியில் ஒரு சிக்கல் இருக்கிறது. எலியின் உரோமம் அலை அலையாக, ஒரு பகுதி முழுவதும் ஒரே சமயத்தில் வளரும், ஒரே சமயத்தில் ஓயும். ஓய்ந்த சமயம் பார்த்து மழித்து மருந்து தடவினால், அடுத்த அலை சில நாள் முந்தி வந்தாலே வெற்றி என்று கணக்கு. மனிதத் தலையில் ஒவ்வொரு மயிர்க்காலும் தன் போக்கில் ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஒன்று வளரும், ஒன்று ஓயும். எலியை முந்தவைத்த சாரம் நம் தலையில் என்ன செய்யும் என்பதை மனிதரில்தான் பார்க்க முடியும்.

மனிதரில் பார்த்தவை மிகச் சில. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் இருவர் வெங்காயச் சாற்றைப் புழுவெட்டுக்காரர்களுக்குத் தடவச் சொன்னார்கள். 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் மயிர் முளைத்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் இரண்டு பேருக்குத்தான். கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் சிறிய ஆய்வு, வெங்காய வாடையை மறைக்கவும் முடியாது. புழுவெட்டோ பலருக்குத் தானாகவே ஆறும் நோய். புழுவும் அங்கே இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. அதை எடுத்துப் பொதுவாக முடி அடர்த்திக்கு வெங்காயம் என்று காணொளிகளில் விற்பது, சளிக்குக் கொடுத்த கஷாயத்தைக் கால்முறிவுக்குக் கட்டுவது போன்றது. 2015-இல் ஈரானில் 100 பேரிடம் ரோஸ்மேரி எண்ணெயையும் 2 சதவீத மினாக்சிடிலையும் ஒப்பிட்டு ஆறு மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றார்கள். அது ஆண்வழுக்கைக்கான ஆய்வு. மினாக்சிடிலின் கதையும் விசித்திரம்தான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை அது. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடமெல்லாம் மயிர் முளைக்கவே, தலையில் தடவும் மருந்தாக மாற்றி 1988-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

எல்லையோர ஊர்களில் மயிர்க்காலின் உண்மையான எதிரி வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். மயிர்க்காலின் அடியிலுள்ள உயிரணுக்கள் உடலிலேயே மிக வேகமாகப் பிரிபவற்றில் சேரும். அவற்றுக்கு இரும்பும் புரதமும் ஓயாமல் வேண்டும். தட்டுப்பாடு வந்தால் உடல் முதலில் கைவிடுவது இதயத்தையோ மூளையையோ அல்ல, மயிரை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை கேரளத்தில் 36 சதவீதம், தமிழ்நாட்டில் 53, இந்தியா முழுவதும் 57. அட்டப்பாடியில் 2013-இல் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது தாய்மாரின் ஊட்டக்குறைவும் ரத்தசோகையும்தான் செய்தியாயின. ராகியும் சாமையும் விளைந்த மலையில் ரேஷன் அரிசி மட்டுமே உணவாகிப்போனது அங்கே பல காலமாகப் பேசப்படும் குறை. அரிவாள் அணு நோயும் அங்குள்ள பழங்குடியினரிடம் உண்டு. இத்தனைக்கும் நடுவே தலைக்கு என்ன தடவலாம் என்பது இரண்டாவது கேள்வி.

காய்ச்சலுக்குப் பின் முடி கொட்டுவதும் இந்தக் கணக்கில் வரும். டெங்குவோ டைபாய்டோ வந்தால், பிள்ளை பெற்றால், வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் ஒரு பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாதம். அதனால் காய்ச்சல் தணிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக் கொத்தாகக் கொட்டும். யாருக்கும் காய்ச்சல் நினைவுக்கு வராது. தண்ணீரைக் குற்றம் சொல்வார்கள், சோப்பைக் குற்றம் சொல்வார்கள். அப்போது யாரோ தரும் எண்ணெயைத் தேய்ப்பார்கள். மயிர்க்கால்கள் தாமே விழித்து ஆறேழு மாதத்தில் நிரப்பிவிடும். புகழ் எண்ணெய்க்குப் போகும். எண்ணெய்களின் கீர்த்தி பாதி இப்படிச் சேர்ந்ததே.

கரிசலாங்கண்ணியை எண்ணெயில் காய்ச்சுவதோடு விடாமல், தமிழ்நாட்டில் கீரையாகவும் கடைகிறோமே, அதுவும் முருங்கைக்கீரையும் பயறும் கருவாடும் மயிர்க்காலைச் சென்றடையும் வழி வேறு. ரத்தத்தின் வழி. பொடுகு இருப்பவர்கள் மட்டும் எண்ணெயைத் தோலில் ஊறவைக்க வேண்டாம். பொடுகோடு சேர்ந்து வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையால் தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே செய்துகொள்ள முடியாது, நம் தலையிலிருந்துதான் எடுக்கும். எண்ணெய் அதற்கு விருந்து. அவர்கள் எண்ணெயை இழையில் தடவினால் போதும்.

அண்மைக்காலத்தில் மைசூரு மாவட்டம் ஹுன்சூர் பக்கத்து ஹக்கிபிக்கி மக்களின் எண்ணெய் சமூக ஊடகங்களில் பெயர் பெற்றதும், ‘ஆதிவாசி எண்ணெய்’ என்ற பெயரை ஊர் ஊராக ஒட்டிக்கொண்டார்கள். பழங்குடியினரின் பெயரை ஒட்டினால் சோதனை தேவையில்லை என்று நினைக்கிற மனசு நம்மிடம் இருக்கிறது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில், குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாத நோய்களின் பட்டியல் உண்டு. புற்றுநோய், எய்ட்ஸ் இருக்கும் அதே பட்டியலில் வழுக்கையும், ‘புதிய முடி வளர்தல்’ என்பதும் இருக்கின்றன. அழகுப்பொருள் என்று பெயர் வைத்துக்கொண்டு ‘வேருக்கு ஊட்டம்’ என்று சுற்றி வளைப்பவர்கள் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

பாலக்காட்டுக்கு அடுத்த மாவட்டமான திருச்சூரில் ஒருவர், விளம்பரத்தை நம்பி ஒரு முடிவளர்ச்சிக் கிரீமை வாங்கித் தேய்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. வழக்குப் போட்டார். ஆண்டுகள் கழிந்து, 2020-இன் கடைசியில் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. தயாரித்த நிறுவனமும் விளம்பரத்தில் நடித்த நடிகரும் தலா 10,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். விசாரணையில் அந்த நடிகர் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் கிரீமைத் தான் பயன்படுத்தியதே இல்லை, அம்மா காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் தலைக்குத் தேய்க்கிறேன் என்று.